கூடவே வந்த ஆப்பு

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் அடியில், படிக்கட்டுக்குப் பக்கத்துச் சிமென்ட் மேடையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுடிதாருக்கு மேல் எல்லோரும் ஒரே மாதிரி பச்சை டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். முதுகில் ‘கைத்துணை’ என்று வெள்ளை எழுத்து. ஒவ்வொருத்தியின் காலடியிலும் ஒரு பை. அதிலிருந்து மாப் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ரயில் வரும்போது மேடை லேசாக அதிர்ந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கையிலிருந்த போனில் இருந்தது.

வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று அக்கம்பக்கத்தில் யாராவது கைத்துணை ஆப்பில் தட்டினால், அருகிலிருக்கும் ஒருத்தியின் போன் மணியடிக்கும். மணி நிற்பதற்குள் அவள் திரையைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். தொட்டவள் பையை மாட்டிக்கொண்டு நடையும் ஓட்டமுமாக அந்த வீட்டு வாசலுக்குப் போய், தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் உள்ளே நுழையலாம்.

தமிழ்நிலாவின் போன் மணியடித்தது. அவள் விரல் திரைக்குப் போவதற்குள் ஒரு தங்கக் காசு மழை திரையை மூடியது. ரம்மி ஆட வரச் சொன்னது. மூடுவதற்கான சிறிய பெருக்கல் குறியைத் தேடி மூலைக்கு மூலை அழுத்தினாள். குறி கிடைத்து, காசு மழை ஓய்ந்தபோது மணி நின்றிருந்தது. பக்கத்தில் சுப்பம்மாவின் போன் அடிக்கத் தொடங்கியது.

“உன்னுதுதானா இது?” என்றாள் சுப்பம்மா, தொட்டுவிட்டு.

“நீ போக்கா. நா இன்னா பண்றது, இந்த சனியன் குறுக்கால வந்து நிக்கிது.”

“காலைலருந்து இது ரெண்டாவது தாட்டி. அந்தப் போன தூக்கிக் கூவத்துல போடு.”

சுப்பம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். தமிழ்நிலா போனை டி-ஷர்ட்டில் தேய்த்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான், எதையாவது துடைப்பாள். பெரும்பாக்கத்திலிருந்து இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். குழந்தையை எழுப்பி, சோறு கட்டி, புருஷன் வேலுவிடம் ஒப்படைத்துவிட்டு இருட்டோடு கிளம்பியிருந்தாள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தோரம் இருந்தவரை நடந்தே வேலைக்குப் போனவள். அரசாங்கம் குடிசைகளை எடுத்துக் கண்காணாத பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடத்தில் வீடு கொடுத்த பிறகு, காலை நேரமெல்லாம் பஸ்ஸிலேயே கழிந்தது.

அடுத்த மணி வந்தபோது போன் குறும்பு செய்யவில்லை. பக்கத்துத் தெருவில்தான் வீடு. இரண்டாம் மாடி.

வாசலில் முகத்தைப் படம் எடுத்தாள். சேமிக்க இடமில்லை என்றது போன். எதை அழிப்பதென்று தேடினாள். மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாப் படங்கள் இருந்தன. அதில் நான்கை அழித்தாள். மறுபடி எடுத்தாள். இந்த முறை படம் போனது. அதற்குள் கதவு திறந்து, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தாள். பெயர் விசாலாக்ஷி என்று ஆப்பில் இருந்தது.

“வாசல்லயே நின்னுண்டிருந்தா எப்படிம்மா? உள்ளே வா. சத்தம் போடாம செய்யணும், என்ன? ஆத்துல கிளாஸ் நடந்துண்டிருக்கு.”

கூடத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிறுமி தெரிந்தாள். அவள் இருக்கும் வெளிநாட்டில் இரவு போலிருக்கிறது, இரவு உடை போட்டிருந்தாள். விசாலாக்ஷி பாய்மேல் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டு ஒரு வரியைப் பாட, சிறுமி அதைத் திருப்பிப் பாடினாள். தமிழ்நிலா சமையலறையில் பாத்திரங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் கழுவினாள். குழாயைச் சன்னமாகத் திறந்தாள். போன் ஜன்னல் திட்டில் பைக்குள் இருந்தது.

சிறுமி ஒரு இடத்தில் திணறினாள். மூன்றாம் தடவை அவளுக்கு அது பிடிபட்டது. விசாலாக்ஷி கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். அப்போது பைக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் உரக்கக் கூவியது: “வாங்க ஜெயிக்கலாம்! முதல் ஆட்டம் ஃப்ரீ!” பின்னால் சில்லறை கொட்டும் சத்தம்.

சோப்புக் கையோடு பாய்ந்தாள். ஈர விரலுக்குப் போன் அசையவில்லை. குரல் மறுபடி கூவியது. கம்ப்யூட்டரில் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னம்மா இது கண்றாவி! பாட்டு கிளாஸ்ல சீட்டாட்டமா?”

“மன்னிச்சுக்கம்மா, அதுவா வருது. நா வெக்கல.”

“அதுவா எப்படி வரும்?”

வேலை முடிந்து கீழே இறங்கும்போதே தெரிந்துவிட்டது. விசாலாக்ஷி இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தாள். ‘வேலை சுத்தம். ஆனால் பணி நேரத்தில் சூதாட்டம்’ என்று எழுதியிருந்தாள். மேடைக்குத் திரும்பியபோது கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. நட்சத்திரம் இன்னும் குறைந்தால் காலை நேர வேலைகள் வராது.

*

மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் லாரன்ஸின் கடை இருந்தது. ஒரு ஆள் திரும்ப முடியாத அகலம். கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த திரைகளும் வீங்கிய பேட்டரிகளும் கிடந்தன. லாரன்ஸ் அவள் போனை வாங்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தான்.

“இன்னாம்மா இது, தீபாவளிக்கு ரங்கநாதன் தெரு மாரி கீது? கால் வெக்க எடம் இல்ல.”

“இதுல ஒண்ணுகூட நா ஏத்தலண்ணா. வாங்கறப்பவே கூட வந்துச்சு.”

“தெரியும். போன் செய்றவன் ஃபேக்டரிலயே ஏத்தி அனுப்பறான். ஆப்புன்றாங்க. நெசமாவே ஆப்புதான். சொருகிட்டான்னா உருவ முடியாது.”

“அழிக்கிறதுக்குப் பட்டனே மங்கலா கெடக்குது. அமுக்குனா அமுங்க மாட்டேங்குது.”

லாரன்ஸ் எதையோ திறந்து பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினான்.

“யார்கிட்ட வாங்குன?”

“எங்க வூட்டுக்காரு வாங்கியாந்தாரு. யாரோ காலேஜ் பையன்கிட்ட. பழசுதான்.”

“இது ரூட் பண்ண போன்.”

“அப்டின்னா?”

“நீ காசு குடுத்துப் போன் வாங்குனாலும் கம்பெனிக்காரன் உன்ன கூடம் வரைக்கும்தான் வுடுவான். உள் ரூமு, பீரோ எல்லாம் பூட்டு. ரூட் பண்ணிட்டா மொத்த வூட்டு சாவியும் உன் கைல. அந்தப் பையன் சாவிய பூட்டுலயே வுட்டுட்டு உனக்கு வித்துக்கிறான். உனக்குத்தான் தெரியல.”

“அப்ப அழிக்கலாமா?”

“அழிக்கலாம். ஆனா நீ நெனக்கிற மாரி டபடபன்னு அழிக்கக் கூடாது. வேண்டாததுன்னு நெனச்சு ஒண்ண எடுப்ப, அது மேலதான் கூரையே நின்னுகினு இருக்கும். அப்புறம் போன் பேர மட்டும் காட்டிக்கினு அப்டியே நின்னுடும், மேல போவாது.”

தமிழ்நிலா ஆப்பில் அன்றைய மிச்ச நேரத்துக்கு விடுப்புப் போட்டாள். வாசற்படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

லாரன்ஸ் முதலில் போனிலிருந்த எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி எடுத்தான். பிறகு ஒவ்வொரு ஆப்பாகப் பெயர் சொல்லிக் கேட்டான்.

“ரம்மி?”

“அத மொதல்ல கொல்லுங்கண்ணா.”

“கொல்லல. மொதல்ல மயக்கம் குடுக்கறேன். செத்தமாரி கெடக்கட்டும். போன் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் எடுத்துடலாம்.” அதை முடக்கிவிட்டுப் போனை அணைத்துப் போட்டான். போன் விழித்தது. “என் கடை நம்பருக்கு ஒரு போன் போடு. ம். கேமரா தொற. லொகேஷன் காட்டுதா பாரு. சரி, இவன் போலாம்.”

ஒரே வேலையைச் செய்யும் பிரவுசர்கள் மூன்று இருந்தன. இரண்டு போயின. பூட்டிய திரையில் நடிகைகளின் செய்தி காட்டும் ஒன்று போயிற்று.

“வானிலை வேணுமா?”

“மழ வந்தா மேலயே தெரியும்ணா.”

லாரன்ஸ் சிரித்தான். அடுத்ததைக் காட்டினான். நீல விளக்குமாறு படம். “கிளீனர். போன சுத்தம் பண்றேன்னு சொல்லிக்கினு இவன்தான் பாதி எடத்தப் புடிச்சுனு கீறான். ரம்மிய கூட்டியாந்து காட்றதும் இவன்தான்.”

“நானும் கிளீனர்தான். ஒரு வூட்ல இப்டி பண்ணா வெளக்கமாத்தால அடிப்பாங்க.”

ஒன்றை அவளே காட்டி எடுக்கச் சொன்னாள். லாரன்ஸ் கையைத் தட்டிவிட்டான். அது எழுத்துகளைக் காட்டும் பலகை; அது போனால் எதையும் தட்டச்சு செய்ய முடியாது. இன்னொன்றின் பெயர் வெறும் புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளுமாக நீண்டது. லாரன்ஸ் அதை இணையத்தில் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

“இது இன்னாண்ணா?”

“தெரியல. தெரியாதத தொடக் கூடாது. இருந்துட்டுப் போவட்டும்.”

ஒவ்வொன்றுக்கும் போன் அணைந்து எரிந்தது. அது இருட்டாக இருக்கும் ஒவ்வொரு முறையும் தமிழ்நிலா எட்டித் திரையைப் பார்த்தாள். டிப்போவில் பஸ்கள் பின்னால் நகர, கண்டக்டர்கள் விசிலடித்துக்கொண்டே இருந்தார்கள். வெயில் எதிர்ச் சுவருக்குப் போனபோது லாரன்ஸ் போனை நீட்டினான். முதல் பக்கத்தில் நாலே ஆப் படங்கள். மீதி இடம் வெறுமையாக இருந்தது. அவள் கேமராவைத் தொட்டாள். தொட்ட கையோடு திறந்தது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

அதற்குப் பிறகு வேலை தவறவில்லை. மணி அடித்த மறுகணம் விரல் பட்டது. வாசலில் நிற்கும்போது படம் முதல் தடவையிலேயே போனது. அபிராமபுரத்தில் ஒரு வீடு, மாடவீதிகளில் இரண்டு, அடையாறில் புதிதாகக் குடிவந்தவர்களின் வீடு முழுக்கக் கழுவும் வேலை. நட்சத்திரங்கள் ஏறின. பள்ளி விடுமுறை நாட்களில் மதியம் மேடையில் உட்கார்ந்து சாப்பிடும்போது மகளை வீடியோவில் கூப்பிடுவாள். திரையில் வேலு சட்டையில்லாமல் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருப்பான். கோணல் வகிடு. “நேரா எட்றா” என்பாள். படம் நடுவில் உறைந்து நிற்காமல் அவன் சிரிப்பது தெரியும்.

“இன்னாடி, போன் புதுசா?” என்றாள் சுப்பம்மா.

“அதேதான். குப்பைய வாரிக் கொட்டியாச்சு.”

“என்னுதையும் குடுத்துப் பாக்கணும்.”

“உன்னுதுல பூட்டு கீதுக்கா. லாரன்ஸ் அண்ணன கேளு.”

சுப்பம்மா கேட்கவில்லை. கேட்பதற்குள் அது நடந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நின்றபடி வரும்போதே, ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. மேடைக்கு வந்து திறந்தாள். பச்சை நிறத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் வந்தது. நடுவில் ஒரு பூட்டின் படம். கீழே இருந்ததைச் சுப்பம்மாவும் அவளுமாகச் சேர்ந்து படித்தார்கள். ‘உங்கள் சாதனத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. மோசடித் தடுப்பு விதிகளின்படி உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது.’

“மோசடியா?” என்றாள் சுப்பம்மா.

மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்நிலா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

லாரன்ஸ் கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தான். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தான்.

“நான் குப்பைய எடுத்ததுக்கு இல்ல இது. ரூட் பண்ணதுக்கு. இத்தினி நாளா அவங்க ஆப் பாக்கல. இப்ப வந்ததுல பாக்குது.”

“அந்தப் பையன் பண்ணதுண்ணா அது. எனக்கு அது இன்னான்னே தெரியாது.”

“யார் பண்ணாங்கன்னு அதுக்குத் தெரியாதும்மா. கீதா இல்லியான்னுதான் பாக்கும்.”

“அப்ப ரூட்ட எடுத்துடுங்க.”

“எடுக்கலாம். ஆனா சும்மா எடுத்தாலும் பூட்டு தொறந்து கெடக்கறது அதுக்குத் தெரியும். ஃபேக்டரில இருந்து வந்த மாரியே முழுசா திருப்பிப் போட்டு, பூட்டிடணும். அப்டி பண்ணா...” அவன் தலையைச் சொறிந்தான். “எடுத்தது அத்தினியும் திரும்பி வந்துடும். அப்புறம் என்னாலயும் தொட முடியாது.”

“வரட்டும்.”

“யோசிச்சுக்கோ.”

“யோசிக்க இன்னாண்ணா கீது? குப்பையோட கெடக்கட்டும், வேல வந்தா போதும்.”

மகளின் படங்களை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தான். பிறகு போனை முழுக்க அழித்தான். திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டு முடிந்தது. போன் புதிதாகப் பிறந்தது போல எந்த மொழி வேண்டுமென்று கேட்டது. அதற்குப் பதில் சொல்லி முடித்ததும், நீல விளக்குமாறு வந்தது. செய்தி வந்தது. வானிலை வந்தது. கடைசியில் தங்கக் காசுகள் வந்து விழுந்தன. தமிழ்நிலா அவற்றை ஒதுக்கிவிட்டுக் கைத்துணையை ஏற்றினாள். நம்பரைப் போட்டாள். சாம்பல் நிறம் மாறவில்லை. பூட்டும் அப்படியே இருந்தது. கீழே ஒரு வரி மட்டும் புதிதாக வந்திருந்தது: ‘உங்கள் கணக்கு விசாரணையில் உள்ளது.’

லாரன்ஸ் பேசிய கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. “ஆபீஸ்ல போய்க் கேளு. போன்ல கேட்டா மிஷின்தான் பேசும்” என்றான்.

*

தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், நகைப் பெட்டிகள் விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அலுவலகம் இருந்தது. லிஃப்ட்டில் ‘விருந்தினர் மட்டும்’ என்று ஒட்டியிருந்ததால் அவள் படியேறினாள். உள்ளே குளிர்ந்தது. சுவரில் பச்சை டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள். அதற்குக் கீழே, ‘எங்கள் தோழிகளே எங்கள் பலம்’ என்று எழுதியிருந்தது. கம்பெனியில் வேலைக்காரிகளைத் தோழி என்றுதான் சொல்ல வேண்டும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாள். முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி உள்ளே போய்வந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். தமிழ்நிலா கையிலிருந்த போன் மூன்று முறை ரம்மிக்குக் கூப்பிட்டது. மூன்று முறையும் அதன் வாயைத் துப்பட்டாவால் பொத்தினாள்.

நிரஞ்சன் என்று பெயர் அட்டை மாட்டிய இளைஞன் அவளை உட்காரச் சொன்னான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவள் ஐ.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

“மேம், ரேட்டிங்லாம் சூப்பரா இருக்கு. ஆனா டிவைஸ் ஃப்ளாக் ஆயிருக்கு, உங்க போன் மேல சந்தேகம்னு.”

“எல்லாத்தையும் பழையபடி மாத்தியாச்சு சார். பாருங்க, இப்ப அது இல்ல.”

“இருக்கலாம் மேம். ஆனா ஒரு தடவ ஃப்ளாக் ஆனா அந்த போன் நம்பரே பிளாக் லிஸ்ட்ல போயிடும். சிம் நம்பர் இல்ல, போன் மெஷினுக்குள்ளயே இருக்கற நம்பர்.”

“நா இன்னா சார் தப்பு பண்ணேன்?”

“நீங்க பண்ணீங்கன்னு நான் சொல்லலயே. ரூட் பண்ண போன்ல லொகேஷன ஏமாத்தலாம் மேம். வீட்ல உக்காந்துகிட்டே கஸ்டமர் வீட்ல இருக்கற மாதிரி காட்டலாம். அதான் ரூல்.”

“நா அவங்க பாத்ரூம் தேச்சேன் சார். வூட்ல உக்காந்துகினு அதத் தேய்க்க முடியுமா?”

நிரஞ்சன் சிரிக்கலாமா என்று தயங்கி, திரையைப் பார்த்தான். “எனக்குப் புரியுது மேம். இது நான் எடுக்கற முடிவு இல்ல. சிஸ்டம் எடுக்குது.”

“அத யாரு சார் கேக்கறது?”

அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைப் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

“உங்கள மாதிரி நல்ல ரேட்டிங் இருக்கவங்கள இழக்க வேணாம்னுதான் இந்த ஸ்கீம் வந்திருக்கு. தோழி போன். புதுசு. சம்பளத்துல எதுவும் பிடிக்க மாட்டோம். கம்பெனியே குடுக்குது. இதுல போட்டா ஐ.டி. இன்னிக்கே ஓப்பன் ஆகும்.”

தமிழ்நிலா பெட்டியைத் தொடவில்லை. “சும்மாவா?”

“சும்மாதான். போன் கம்பெனியோடது, அவ்ளோதான். உங்க சிம்ம இதுல போட்டுக்கணும். எப்பவும் ஆன்ல, உங்க கூடவே இருக்கணும்.”

“வேல முடிஞ்சு வூட்டுக்குப் போனப்புறம்?”

“ஆன்லதான் மேம். ஆஃப் பண்ணா சிஸ்டத்துக்கு டவுட் வரும்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி விசாரணை முடியணும். அது பெங்களூர்ல நடக்குது. எப்ப முடியும்னு எங்களுக்கே சொல்ல மாட்டாங்க.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கீழே ரோட்டில் ஜவுளிப் பைகளோடு கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. விடிந்தால் மேடையில் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேலுவைச் சுமை தூக்கும் வேலைக்கு வாரத்தில் பாதி நாள்தான் எடுக்கிறார்கள். அவள் பழைய போனின் பக்கவாட்டுத் துளையில் நிரஞ்சன் கொடுத்த ஊசியைக் குத்தி சிம்மை எடுத்தாள். சிம் போன பிறகும் பழைய போன் ஒரு தடவை வெளிச்சமாகி, காசுகளைக் கொட்டிவிட்டு அணைந்தது.

*

புதுப் போன் கண்ணாடி மாதிரி வழுக்கியது. ரம்மி இல்லை. செய்தி இல்லை. நீல விளக்குமாறு இல்லை. திரை நடுவில் கைத்துணை மட்டும் பச்சையாக இருந்தது. அதை மூட முடியவில்லை. பின்னால் தள்ளினால் ஓரத்தில் ஒரு பொட்டாகச் சுருங்கி அங்கேயே இருந்தது. அதற்கு ஒரு பெண்குரலும் இருந்தது. நல்ல தமிழ். வணக்கம் தோழி, வலதுபுறம் திரும்புங்கள் தோழி, இன்று இதுவரை நன்றாகச் செய்தீர்கள் தோழி. சத்தத்தைக் குறைக்கும் பட்டனை அழுத்தினால் கொஞ்சம் குறைந்து, மறுபடி தானாக ஏறிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்தில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது குரல் கேட்டது: “தோழி, நீங்கள் பணிப் பகுதியிலிருந்து தொலைவில் இருக்கிறீர்கள். இன்று விடுப்பா?” வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் போனைப் பிடுங்கி, “ஆமா, லீவு” என்று அதனிடம் கத்தினாள். வேலு சிரிக்கவில்லை.

“நாம எங்க போறம் வரோம்னு அதுக்கு இன்னாத்துக்கு?”

“எனக்கு இன்னா தெரியும்?”

“அந்தக் கடக்காரன்கிட்ட குடு. இதையும் உருவிடுவான் இல்ல?”

திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் லாரன்ஸ் கடைக்குப் போனாள். அவன் கை நீட்டினான். அவள் போனையும் அது வந்த வெள்ளைப் பெட்டியையும் கண்ணாடிமேல் வைத்தாள். பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, போனை எடுக்காமலே கண்ணாடிமேல் அவள் பக்கமாகத் தள்ளினான்.

“இது என்னால ஆவாதும்மா.”

“ராத்திரில மட்டும் தூங்கற மாரி பண்ணா போதும்ணா. அன்னிக்கு மயக்கம் குடுத்தீங்களே, அந்த மாரி.”

“அது உன் போன். உன் வூட்டுக் கதவ நா தொறந்தேன். இது அவங்க வூடு. நீ உள்ள குடியிருக்க, அவ்ளோதான். நா கைய வெச்ச நிமிசமே அவங்களுக்குப் போயிடும். போன் செத்துடும், உன் ஐ.டி.யும் போயிடும்.”

“அப்ப இது எப்பவுமே இப்டிதானா?”

லாரன்ஸ் கண்ணாடியின்மேல் படிந்திருந்த தூசியை விரலால் வழித்தான். போன் பேசியது. “தோழி, உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.”

அவள் தொட்டாள். பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தெற்கு மாடவீதியில் ஒரு வீடு. வயதான தம்பதி, மூன்று அறை, இரண்டு குளியலறை. அங்கிருந்து உடனே சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டாவது வீட்டில் கழிப்பறையின் மஞ்சள் கறை போக அமிலம் ஊற்றி மண்டியிட்டுத் தேய்த்தாள். அது பளிச்சென்று ஆனது. தோழிகள் வாடிக்கையாளரின் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது கம்பெனி விதி. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வேலை ராஜா அண்ணாமலைபுரத்தில் என்று குரல் சொன்னபோது, வழியில் டிப்போவுக்குப் பக்கத்திலிருந்த மாநகராட்சிக் கழிப்பறை ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட ஓடினாள்.

வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். பூ விற்கிற ஒருத்தி கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். தமிழ்நிலா கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, தன் முறை வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஆணியில் பையை மாட்டினாள். சுடிதார் நாடாவை அவிழ்த்து உட்கார்ந்தாள்.

“தோழி, உங்கள் பயணம் நின்றிருக்கிறது. காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.”

ஓட்டை விழுந்த தகரக் கதவு. சத்தம் வெளியே போனது.

“உள்ள யாரும்மா பேசறது?” என்றாள் பூக்காரி.

குரல் மறுபடி சொன்னது. இந்த முறை இன்னும் உரக்க. தமிழ்நிலா உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பையிலிருந்து போனை எடுத்தாள். திரையில் நான்கு கட்டங்கள் இருந்தன. போக்குவரத்து நெரிசல். மழை. வாகனக் கோளாறு. காவலாளி அனுமதிக்கவில்லை. கீழே தள்ளிப் பார்த்தாள். அதற்குக் கீழே எதுவுமில்லை. வேலை கைமாற இன்னும் இவ்வளவு நேரம் என்று ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் தேய்ந்துகொண்டிருந்தது.

ஈர விரலைத் தோளில் துடைத்துக்கொண்டு வாகனக் கோளாறைத் தொட்டாள்.

“நன்றி தோழி. உங்கள் வாகனம் எத்தனை நிமிடத்தில் சரியாகும்?”

வெளியே யாரோ சிரித்தார்கள். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். தமிழ்நிலா போனைப் பல்லில் கவ்விக்கொண்டு, குவளைத் தண்ணீரைக் காலில் ஊற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் அவசர அவசரமாக நாடாவை முடிந்தாள். வாய்க்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.